ஸ்பீடோமீட்டர் முள் அசையலையா? கூடவே லைட்டும் எரியுதா? பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் சுமார் 30 கிலோமீட்டர். 15 வருஷம் ஓடிய ஒரு காரில் அந்த ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்ஜியத்தில் படுத்துவிடுகிறது. டேஷ்போர்டில் ஒரு லைட்டும் எரிய ஆரம்பிக்கிறது. "மீட்டர்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று பலரும் அப்படியே ஓட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் தொடர்ந்து ஓட்டலாமா, கூடாதா என்பதை முள்ளை வைத்து முடிவு செய்ய முடியாது. அந்த லைட் என்ன நிறம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சிவப்பா, மஞ்சளா?

மஞ்சள் என்றால் பெரும்பாலும் மெதுவாக ஓட்டி மெக்கானிக்கிடம் போய்ச் சேரலாம். சிவப்பு என்றால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும்.

அதிலும் ஆயில் லைட் விஷயத்தில் விளையாடவே கூடாது. பார்க்க அலாவுதீன் விளக்கு மாதிரி இருக்கும். இன்ஜினுக்குள் ஆயில் பிரஷர் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த நிலையில் இன்னும் சில நிமிஷம் ஓட்டினாலே பேரிங் தேய்ந்து இன்ஜின் சீஸ் ஆகிவிடலாம். சில நூறு ரூபாய் சுவிட்ச் வேலையாக முடிய வேண்டியது, காரின் விலைக்கே செலவு வைத்துவிடும். இன்ஜினை நிறுத்தி, சமதளத்தில் கொஞ்ச நேரம் விட்டு, ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும் "சுவிட்ச்தான் போயிருக்கும்" என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பேட்டரி லைட் எரிந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்று அர்த்தம். சில மாடல்களில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் அடுத்து இன்ஜின் சூடேறும். பிரேக் லைட் எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். அது இறங்கியிருந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம்.

முள்ளும் லைட்டும் ஒரே கோளாறா?

பல நேரங்களில் ஆமாம். எந்தக் காலத்து கார் என்பதைப் பொறுத்தது அது.

அம்பாசடர், கார்புரேட்டர் மாருதி 800 போன்ற வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் மீட்டருக்கு வரும். கேபிள் சுற்றினால் மீட்டருக்குள் ஒரு காந்தம் சுற்றும், அது முள்ளை இழுக்கும். ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ஸே 1902-ல் காப்புரிமை பெற்ற அதே முறைதான். இதில் கோளாறு கண்டுபிடிப்பது எளிது. முள் அசையாமல் கிலோமீட்டர் எண் மட்டும் ஓடினால் கேபிள் நன்றாக இருக்கிறது, மீட்டரில்தான் பிரச்சனை. இரண்டுமே நின்றிருந்தால் கேபிள் அறுந்திருக்கும் அல்லது கியர்பாக்ஸில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில் காரைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். உள்கம்பி சுற்றினால் கேபிள் ஓகே. முள் நடுங்கினாலோ, 'கிறீச்' சத்தம் வந்தாலோ கிரீஸ் காய்ந்திருக்கும் அல்லது கேபிள் மடங்கியிருக்கும். இந்த வண்டிகளில் மீட்டர் நின்றதற்கும் சிவப்பு லைட்டுக்கும் பொதுவாக சம்பந்தம் இருக்காது. இரண்டையும் தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

கேபிள் போய் சென்சார் வந்த கார்களில் கதை வேறு. வேகத்தை சென்சார் அளந்து சொல்கிறது, அதே தகவலை இன்ஜின் கம்ப்யூட்டரும் படிக்கிறது. அதனால் முள் விழுந்ததும் மஞ்சள் 'செக் இன்ஜின்' லைட் எரியலாம். ஸ்கேனர் போட்டால் 'பி0500' என்ற கோடு வந்தால், வேக சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். கூடவே ஏபிஎஸ் லைட்டும் எரிந்தால் சக்கரத்தில் இருக்கும் சென்சாரைச் சந்தேகிக்கலாம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர் பக்கத்து ரோடுகளில் புழுதிக்குப் பஞ்சமில்லை. சென்சார் முனையிலும் கனெக்டரிலும் அழுக்கு அடைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

இன்னொரு ஆள் எலி. மக்காச்சோளம் குவித்து வைத்த களத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்துபவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. புது சென்சார் வாங்கும் முன் வயரை ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள். பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் எல்லாமே சேர்ந்து படுத்திருந்தால் சென்சாரை விட்டுவிட்டு ஃபியூஸ், எர்த் வயரைப் பார்க்க வேண்டும்.

லைட்டே எரியலைன்னா நல்லதா?

இல்லை. சாவியை 'ஆன்' செய்ததும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முன், ஆயில், பேட்டரி, செக் இன்ஜின் லைட்டுகள் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கும், இல்லையென்றால் யாரோ கழற்றியிருப்பார்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பதை விட இதைப் பார்க்கலாம்.

மீட்டர் காட்டும் வேகம் சரியா?

ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்தால் போதும். சிக்னல் இல்லையென்றால் நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் இருக்கிறது. ஒரே வேகத்தில் போய், இரண்டு கல்லுக்கு இடையே எத்தனை விநாடி ஆனது என்று பார்த்து, 3,600-ஐ அதால் வகுக்க வேண்டும். 45 விநாடி என்றால் 80 கி.மீ. வேகம்.

மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது கோளாறு இல்லை. ஐ.நா. விதி எண் 39-ன்படி, மீட்டர் உண்மையான வேகத்தை விடக் குறைவாகக் காட்டவே கூடாது. 80-ல் போகும்போது 92 வரை காட்டலாம். குறைவாகக் காட்டினால் பெரிய டயர் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 117-வது விதிப்படி ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும். அது ஓடவில்லை என்பது அதிவேகத்துக்குச் சாக்காகாது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கார்களுக்கு அதிவேக அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. சொந்த காரின் ஆர்.சி. 15 ஆண்டுகளில் முடிந்து, அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். டிஎன் 46 ஆனாலும் டிஎன் 61 ஆனாலும் அதற்கு வண்டியை ஆய்வுக்குக் காட்டியாக வேண்டும். அன்றைக்குக் காலையில் மெக்கானிக்கைத் தேடுவதை விட ஒரு வாரம் முன்பே மீட்டரைச் சரிசெய்துவிடலாம்.

மீட்டரையே மாற்றுவதாக இருந்தால், பழைய மீட்டரில் நின்ற கிலோமீட்டரை போட்டோ எடுத்து, பில்லிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் காரை விற்கும்போது கிலோமீட்டரைக் குறைத்துவிட்டார்கள் என்ற பேச்சு வந்தால் காட்டுவதற்கு அந்த பில்தான் இருக்கும்.