ஒப்பந்த உச்சவரம்பும் காலி அலமாரியும்: அமெரிக்கத் தோட்டாத் தட்டுப்பாடு, 2008–2016

2013 மார்ச்சில் ஃபோர்ப்ஸில் ரால்ஃப் பெங்கோ எழுதிய கட்டுரை ஒரு கேள்வியை எழுப்பியது: அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு 160 கோடித் தோட்டாக்கள் எதற்கு? ஈராக் போரின் உச்சத்தில்கூட அமெரிக்கப் படை மாதத்துக்கு 60 லட்சத்துக்கும் குறைவாகவே சுட்டது. அந்தக் கணக்கில் இந்தக் கொள்முதல் இருபது ஆண்டுக்கும் மேலாகப் போர் நடத்தப் போதும் என்பது அவர் வாதம். பெங்கோவின் கவலை தட்டுப்பாட்டைப் பற்றியதன்று, உள்நாட்டுத் துறையொன்று படைபோல் ஆயுதம் சேர்ப்பதைப் பற்றியது. ஆனால் அவர் பரப்பிய எண், கடையில் தோட்டா கிடைக்காமல் திரும்பிய பொழுதுபோக்குச் சுடுவோரிடம் வேறொரு வேலை செய்தது. அரசு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டது, அதனால்தான் நமக்கில்லை என்ற விளக்கத்துக்கு அதுவே அடிக்கல் ஆயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் செனட்டர் இன்ஹோஃபும் பிரதிநிதி லூக்காஸும் அரசுக் கொள்முதலுக்கு வரம்பு கட்டும் மசோதாவைக் கொண்டுவந்தனர். பிரதிநிதிகள் சபையில் விசாரணையும் நடந்தது. அரசு அள்ளியது என்ற இந்த வாசிப்பு இன்றும் சாகவில்லை. அது ஏன் நிற்காது என்பதையும், அது தற்செயலாகத் தொட்டுவிட்ட ஓர் உண்மையையும் இங்கே பிரித்துப் பார்க்க முயல்கிறேன்.

முதலில் மூலபாடம். 160 கோடி என்பது பல ஒப்பந்தங்களையும் விலைப்புள்ளி அழைப்புகளையும் கூட்டி வந்த எண். அதன் பெரிய கூறுகளில் ஒன்று 2012 மார்ச்சில் ஏ.டி.கே. என்ற தோட்டா நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பு: குடியேற்ற, சுங்க அமலாக்கப் பிரிவுக்கு .40 காலிபர் தோட்டா. அந்த அறிவிப்பு ஒப்பந்தத்தின் வகையைத் தெளிவாகவே சொல்கிறது. வழங்கும் நாளும் வாங்கும் அளவும் முன்கூட்டி உறுதிசெய்யப்படாத வகை அது. 12 மாத அடிப்படைக் காலம். அதன்மேல் விரும்பினால் நீட்டித்துக்கொள்ளக்கூடிய 4 ஆண்டுகள். அதிகபட்ச அளவு 45 கோடி. இந்த வாக்கியம் கைமாறிக் கைமாறி வந்ததைத் தொடர்ந்தால், ஏடு பெயர்த்தெழுதும்போது நேரும் பிழையைப் போன்ற ஒன்று தெரிகிறது. முதலில் ‘அதிகபட்சம்’ விழுகிறது. பிறகு ஐந்தாண்டு விழுகிறது. கடைசியில் ‘வாங்கலாம்’ என்பது ‘வாங்கிவிட்டது’ ஆகிறது. கல்யாணச் சமையல்காரரிடம் ஆயிரம் இலை வரை போடத் தயாராயிருங்கள் என்று பேசிவைத்தால், ஆயிரம் பேர் சாப்பிட்டதாகக் கணக்கெழுத முடியுமா?

உண்மையில் எத்தனை இலை விழுந்தது என்பதற்கும் சான்று உண்டு. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2014 ஜனவரி அறிக்கையில் தரும் எண்கள்: 2008 முதல் 2013 வரையான நிதியாண்டுகளில் அத்துறை வாங்கியது ஆண்டுக்குச் சராசரி 10.9 கோடி, தட்டுப்பாடு உச்சத்திலிருந்த 2013இல் 8.4 கோடி, அதாவது முந்தைய ஐந்தாண்டுகளில் எதைவிடவும் குறைவு. 2013 அக்டோபரில் கையிருப்பு ஏறத்தாழ 15.9 கோடி. துப்பாக்கி ஏந்தும் அலுவலர்கள் 70 ஆயிரத்துக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,500. தீவிரமான போட்டி வீரர் ஒருவர் சில வாரங்களில் சுட்டுத் தீர்க்கும் எண்ணிக்கை இது. ஈராக் ஒப்பீடு சறுக்குவதும் இங்கேதான். போர்க்களத்தில் சுடப்பட்டதையும் பயிற்சித் திடலில் சுடப்படுவதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அமைதிக்காலக் காவலர் சுடுவதில் பெரும்பங்கு காகித இலக்கின் மேல்தான். அமெரிக்கக் குடிமக்கள் சந்தையை எவ்வளவு குறைத்து மதிப்பிட்டாலும் அது ஆண்டுக்கு 400 கோடித் தோட்டாவுக்குக் கீழே போகாது. அதில் 10.9 கோடி மூன்று விழுக்காடுகூட இல்லை.

பெங்கோவின் வழிவந்தோர் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். சிறுபங்கானாலும் அது .40, 9 மி.மீ., .223 என்று சில காலிபர்களில் குவிந்தது. ஆலைகள் அரசுக்கு முன்னுரிமை தந்தன. மற்ற வகைகள் பட்டினி கிடந்தன என்பார்கள். இதைக் கவனமாகவே எதிர்கொள்ள வேண்டும், ஏனெனில் இங்கே நேரடிச் சான்று மெலிவு. ஆலைகள் தங்கள் உற்பத்தியைக் காலிபர்வாரியாக வெளியிடுவதில்லை. ஆயினும் .22 லாங் ரைஃபிள் என்ற ஒற்றை வகை இந்த வாதத்தை உடைக்கிறது என்பேன். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கணிசமாக வாங்காதது .22, நீண்ட காலம் கிடைக்காமல் போனதும் அதே .22. சிறுவர் முகாம், சங்கப் போட்டி, அணில் வேட்டை, கொல்லைப்புறத்தில் தகர டப்பாவைச் சுடுவது எல்லாம் இதில்தான். 500 தோட்டா அடங்கிய ‘பிரிக்’ 20 டாலர் சுற்றில் விற்றது. 2013இல் கைமாற்றுச் சந்தையில் 50 டாலரைத் தாண்டியது. வால்மார்ட் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று பெட்டி என்று வரம்பு வைத்தது.

எந்திரங்களை மாற்றியிருப்பார்களே என்றால், அதற்குத் தொழில்நுட்பமே தடை. மற்ற தோட்டாக்களில் பிரைமர் என்ற சிறு கிண்ணம் தனியாகச் செய்து அடிநடுவில் பொருத்தப்படும். .22இல் அது கிடையாது. மெல்லிய பித்தளைக் கூட்டின் விளிம்பை மடித்து, ஈரமான வெடிகலவையை உள்ளேயிட்டு, வேகமாகச் சுழற்றி விளிம்பு மடிப்புக்குள் பரவச் செய்கிறார்கள். ஐடஹோவின் லூயிஸ்டனில் சி.சி.ஐ., மின்னசோட்டாவின் அனோகாவில் ஃபெடரல், ஆர்கன்சாவின் லோனோக்கில் ரெமிங்டன் என்று யாராயினும் இதற்குத் தனி எந்திரவரிசை வேண்டும். .40 செய்யும் வரிசை .22 செய்யாது; .22 வரிசையை நிறுத்தி .40 செய்யவும் முடியாது. ஆளும் வெடிமருந்தும் ஈயமும் பொது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வழியே ஓரளவு நெருக்கடி கசிந்திருக்கலாம். ஆனால் ஈயக்கணக்கை முன்வைப்போர் மிசூரியின் ஹெர்குலேனியம் உருக்காலை மூடப்பட்டதைக் காட்டும்போது காலவரிசையைப் பார்ப்பதில்லை. 1892 முதல் இயங்கிய அந்த ஆலை நின்றது 2013 டிசம்பர் முடிவில். அலமாரிகள் காலியாகி அதற்குள் ஓராண்டு கடந்திருந்தது. போதாக்குறைக்கு, தோட்டாவுக்கான ஈயத்தில் பெரும்பகுதி பழைய மின்கலங்களை உருக்கி வருவது.

அரசு அள்ளவில்லை என்றால் அள்ளியது யார்? சுட்டவர்களேதான் என்பது பழகிப்போன பதில்; கசப்பானாலும் பெரும்பாலும் சரி. 2012 டிசம்பர் 14இல் நியூடவுன் பள்ளிப் படுகொலை நடந்தது. புதிய சட்டம் வரும் என்ற அச்சத்தில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் துப்பாக்கி வாங்குவோர் மீதான எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைகள் சுமார் 27.8 லட்சம், 2008 முழுவதும் 1.27 கோடியாக இருந்தது 2013இல் 2.1 கோடியானது. இந்தச் சோதனை எண்ணைத் துப்பாக்கி விற்பனை எண்ணாகப் படிக்கக் கூடாது. உரிமம் புதுப்பிப்பதும் இதில் அடக்கம்; கென்டக்கி மாநிலம் உரிமதாரர்களை மாதந்தோறும் திரும்பத் திரும்பச் சோதித்து எண்ணை ஊதிவிடுகிறது. ஆனால் திசை பற்றி ஐயமில்லை.

இன்னொரு சான்று, 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி தோட்டாமேல் விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரி. வனவிலங்குப் பணிகளுக்காக மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படும் இந்த நிதி 2014இல் 76 கோடி டாலருக்குப் போனது. துப்பாக்கி, வில் ஆகியவற்றின் வரியும், முந்தைய ஆண்டு நிறுத்திவைத்த தொகையும் அதில் கலந்திருப்பதால் தோட்டாவை மட்டும் பிரித்தெடுக்க இயலாது. என்றாலும் பொருள் விற்காமல் வரி ஏறாது. தட்டுப்பாடு எனப்பட்ட ஆண்டுகளில் ஆலையிலிருந்து போனது குறையவில்லை, கூடியிருக்கவே வாய்ப்பு. ஆலைகள் ஏன் புது எந்திரம் போடவில்லை என்று கேட்போருக்குப் பின்வந்த வரலாறே விடை. அச்சம் தணிந்ததும் சந்தை சுருங்கியது; ரெமிங்டன் 2018 மார்ச்சிலும் மீண்டும் 2020 ஜூலையிலும் திவால் மனு கொடுத்தது.

இனி, அரசு அள்ளியது என்ற வாசிப்பு தற்செயலாகத் தொட்ட உண்மை. அரசின் கை இதில் இருந்தது; ஆனால் வாங்கும் கையாக அன்று, வாசலை அடைக்கும் கையாக. இதற்கான ஆவணம் ஒரு தகரப்பெட்டியின் மூடி.

சோவியத் 5.45 காலிபர் தோட்டாவான 7என்6, காற்றுப்புகாமல் மூடிய தகரப்பெட்டியில் 1,080 வீதம், மரப்பெட்டிக்கு இரண்டு தகரமாக வந்தது. மூடியில் அச்சிட்டிருப்பதை நம் கல்வெட்டுகளைப் படிப்பது போல் வரிவரியாகப் படிக்கலாம். காலிபர், குண்டின் வகையைக் குறிக்கும் ‘பெ.எஸ்.’ என்ற இரண்டு ரஷ்ய எழுத்துகள். கூடு எஃகினாலானது என்ற குறி. தொகுதி எண், ஆண்டு, ஆலை எண். கீழே வெடிமருந்தின் வகை. அந்த இரண்டு எழுத்துகள் சொல்வது, குண்டின் உட்கரு எஃகு என்பது. யாரும் மறைக்கவில்லை, ஆண்டுக்கணக்காக அமெரிக்கச் சுடுவோர் இந்த மூடியை வெட்டித் திறந்து, மலிவாகச் சுட்டு வந்தார்கள். பிறகு 2014 ஏப்ரல் 7இல் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.டி.எஃப். இதைக் கவசம் துளைக்கும் தோட்டா என்று வகைப்படுத்தி இறக்குமதியை நிறுத்தியது. விலை உடனே எகிறியது.

எழுத்து மாறவில்லை, குண்டு மாறவில்லை, மாறியது என்ன? சட்டத்தின் வரையறைக்கு இரண்டு கால்கள்: உட்கரு முழுக்க எஃகு முதலான கடின உலோகமாக இருக்க வேண்டும், அது கைத்துப்பாக்கியில் சுடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஏ.டி.எஃப். சுட்டியது போலந்தின் ராடோம் ஆலை செய்த ஆனிக்ஸ் 89எஸ் என்ற கைத்துப்பாக்கியை. அதற்கு இறக்குமதி ஒப்புதல் 2011 நவம்பரிலேயே கிடைத்திருந்தது. அப்படியானால் 7என்6 இரண்டரை ஆண்டுக்கு நெருக்கமாகச் சட்டத்தின் கண்ணில் படாமல் வந்துகொண்டிருந்ததா? 2014 மார்ச்சில் சுங்கத்துறை மாதிரிகளை அனுப்பிய பிறகே சோதனை நடந்தது என்கிறது அலுவலக விளக்கம். சுங்கம் அந்த மாதத்தில் ஏன் விழித்தது என்பதற்கு அந்த விளக்கத்தில் இடமில்லை. கிரைமியா நெருக்கடியும் அதே மாதம். ஆனால் காலம் ஒத்துப்போவது காரணமாகிவிடாது, ஆகவே அதில் சாய மாட்டேன்.

இது முதல் முறையும் அன்று. 1994 தொடக்கத்தில் எஃகுக் கரு கொண்ட 7.62 காலிபர் தோட்டா இதே சட்டப்பிரிவில் சிக்கியது; அப்போதும் அந்தக் காலிபரில் புதிதாக வந்த ஓர் அமெரிக்கக் கைத்துப்பாக்கிதான் இரண்டாவது காலைக் கொடுத்தது. அவ்வாண்டு மே மாதம் சீன ஆயுத, தோட்டா இறக்குமதி பெரும்பாலும் தடைப்பட்டது. சுடுவோர் ‘பழைய விலை’ என்று நினைவில் வைத்திருப்பது பனிப்போர்க் கிடங்குகள் காலியான காலத்தின் விலை. 1994இன் இந்த இரண்டு தடைகளையும் சேர்த்துப் பார்க்காமல் 2013ஐ மட்டும் பார்ப்பதால்தான் அது திடீர்ப் பேரிடராகத் தோன்றுகிறது. ஆனால் இந்த விளக்கத்தை .22 வரை இழுக்க முடியாது. அது உபரிச் சரக்காக வந்த பொருளே அல்ல. அங்கே அச்சமும் தனி எந்திரவரிசையும் மட்டுமே மிஞ்சுகின்றன.

எல்லைகள் பற்றி. தலைப்பிலுள்ள 2008 எல்லா வகைக்கும் பொருந்தாது. அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலுக்குப் பின் பரவலான நெருக்கடி உண்டானது மெய், ஆனால் 2009இல் .380 கிடைக்காமல் போனதற்கு, ரூகர் எல்.சி.பி. என்ற சட்டைப்பைத் துப்பாக்கி 2008இல் வந்து விற்றுத் தீர்ந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். .22க்கு 2012 டிசம்பரிலிருந்து தொடங்குவதே சரி. முடிவு இன்னும் வழுக்கலானது: 9 மி.மீ. 2014இலேயே அலமாரிக்குத் திரும்பியது, .22 ஊருக்கு ஊர் வேறுபட்டு 2015இலும் 2016இலும் வந்தது. 2016 என்பது .22ஐ வைத்து நான் போட்ட எல்லை, 5.45 சுட்டவரைக் கேட்டால் 2014க்குப் பிறகு அது முடியவே இல்லை என்பார்.