பாப்பர் மனு

முன்சீப் கோர்ட்டுகளில் பல்லாண்டு எழுதிப் பழகிய வக்கீல் குமாஸ்தாக்களின் வாயில் ‘பாப்பர் ஓ.பி.’ என்றொரு சொல் இன்னும் வழங்குகிறது. தன் பக்கம் நியாயம் இருந்தும், பிராதில் ஒட்டவேண்டிய ஸ்டாம்புக்குப் பணமில்லாத ஒருவர், கட்டணமின்றியே தம் வழக்கை ஏற்கவேண்டும் என்று நியாயஸ்தலத்தை வேண்டிப் போடும் மனுவுக்கு அந்தப் பெயர். ஏழையைக் குறித்த ஒரு லத்தீன் சொல் ஆங்கிலச் சட்டத்தின் கைபிடித்து நம் ஊர்க் கச்சேரிகளுக்கு வந்து, கர்ணமும் தாசில்தாரும் தாராளமாகப் புழங்கும் சொல்லாகிவிட்டது. ஒருவர் ஏழைதான் என்பதைச் சர்க்கார் எவ்வாறு அளந்தது, எதைக் கணக்கில் சேர்த்து எதை விட்டது என்பதே இந்தச் சொல்லின் சரித்திரம். அதைப் படிக்கும்போது மனம் பலமுறை கனத்துப் போகிறது.

நியாயம் கேட்க வருகிறவனிடம் வாசலிலேயே பணம் கேட்பது இந்நாட்டின் பழைய வழக்கமன்று. தர்மசாஸ்திரங்கள் சொல்லும் முறையில், வழக்கு முடிந்த பிறகு, கடனை மறுத்துத் தோற்றவனிடமிருந்தே அரசன் தண்டம் வாங்கினான். முறையிட வந்தவனிடம் முன்கூட்டி வாங்கவில்லை. கும்பெனியார் ஆட்சியில் இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. வங்காளத்தில் 1793-இல் காரன்வாலிஸ் பிரபு எடுத்துவிட்ட கட்டணத்தை இரண்டே ஆண்டுகளில், 1795-ஆம் ஆண்டின் ரெகுலேஷனால், திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆதாரமற்ற வழக்குகள் பெருகாமல் தடுப்பதற்காகவே இக்கட்டணம் என்று அதற்குச் சமாதானமும் எழுதி வைத்தார்கள். 1834 முதல் கவர்னர் ஜெனரலின் சபையில் சட்ட அங்கத்தினராயிருந்த மெக்காலே, இந்தச் சமாதானத்தை மிகக் கடுமையாகக் கண்டித்தார். கட்டணம் விரட்டியது பொய் வழக்காடியவர்களை அல்ல, ஏழைகளையே என்பது அவருடைய வாதம். நம் கல்வியைப் பற்றி அவர் எழுதியதற்காக அவரை மன்னிக்க முடியாதவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு நன்றி சொல்லலாம். ஆயினும் கட்டணம் போகவில்லை. 1870-ஆம் ஆண்டின் கோர்ட்டுக் கட்டணச் சட்டம் அதை நாடெங்கும் நிலைநாட்டிற்று.

வரியை நிலைநிறுத்தியவர்களே அதற்கு ஒரு விலக்கையும் வைக்கவேண்டியதாயிற்று. அதற்கு மாதிரி இங்கிலாந்தில் இருந்தது. ஏழாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1495-இல், ஏழைகள் கட்டணமின்றி வழக்காடவும் அவர்களுக்கு இலவசமாக வக்கீல் அமர்த்தவும் அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. ஆனால் அதன் கருணைக்குள்ளே ஒரு கொடுமையும் குடியிருந்தது: தோற்றுப்போன ஏழை, எதிரியின் செலவைக் கொடுப்பதா, கசையடி படுவதா என்று தானே தேர்ந்துகொள்ளும்படி விடும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்து, பின் மறைந்தது என்று பதினெட்டாம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார்.

இந்தியாவில் கசை வரவில்லை, கணக்கு வந்தது. 1859-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே பாப்பர் வழக்குகளுக்குத் தனி இடம் இருந்தது. 1882-ஆம் ஆண்டின் சட்டமும், இன்றளவும் நடைமுறையிலுள்ள 1908-ஆம் ஆண்டின் சட்டமும், பாப்பர் என்பவர் யார் என்பதற்கு ஏறக்குறைய ஒரே இலக்கணத்தைச் சொல்லின: பிராதுக்குரிய கட்டணத்தைச் செலுத்தப் போதிய வசதியில்லாதவர், கட்டணம் விதிக்கப்படாத வழக்காயின், உடுக்க அவசியமான துணியும் வழக்குச் சொத்தும் நீங்கலாக நூறு ரூபாய் பெறுமான ஆஸ்தி இல்லாதவர். வழக்குகள் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் உண்டாகையால், நூறு ரூபாய் என்ற எண்ணைவிட, ‘போதிய வசதி’ என்ற இரண்டு சொற்களே ஏழைகளின் தலைவிதியை நிர்ணயித்தன. 1882-இன் சட்டத்தில் இன்னொரு தடையும் இருந்தது. ஜாதிப் பிரஷ்டம், அவதூறு, வசைமொழி, அடிதடி ஆகியவற்றுக்கு நஷ்டஈடு கேட்டு ஒரு பாப்பர் வழக்குப் போடக்கூடாது. ஏழைக்கு நிலம் இருக்கலாம், பாத்தியதை இருக்கலாம், மானம் மட்டும் ஸ்டாம்பு வாங்கக் காசுள்ளவனுக்கே என்று சட்டம் சொன்னதாகத்தான் இதற்கு அர்த்தம். 1908-இல் எந்த வழக்கையும் பாப்பராகத் தொடுக்கலாம் என்று எழுதி, அந்த அவமானத்தைத் துடைத்தார்கள்.

துடைக்காமல் விட்ட ஒன்று உண்டு. எனக்கு அது மற்றெல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் புருஷனை இழந்த ஹிந்து ஸ்திரீக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கிடையாது. ஜீவனாம்சம் கேட்கும் உரிமை ஒன்றே உண்டு. மைத்துனன்மார் அதையும் மறுத்தால், கையில் காசில்லாமல் அவள் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். கணவன் உயிரோடிருந்தும் அவன் தள்ளிவைத்த மனைவியின் கதியும் அதுவே. அதே 1908-ஆம் ஆண்டின் சட்டத்தில் ஜப்தியைப் பற்றிய 60-ஆவது பிரிவு, கடன்காரன் கைவைக்கக் கூடாதவை என்று உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவி, மத சம்பிரதாயப்படி ஒரு பெண் பிரியக்கூடாத ஆபரணம் ஆகியவற்றையெல்லாம் பரிவோடு எண்ணிச் சொல்கிறது. நம் ஊரில் அந்த ஆபரணம் தாலி என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் பாப்பர் மனுவைப் பற்றிய பகுதியில் இந்த விலக்கு எழுதப்படவில்லை. டிக்கிரி பெற்ற கடன்காரன் தொடக்கூடாத தாலியை, கணவனிடம் ஜீவனாம்சம் கேட்டு வந்தவளின் கழுத்தில் கண்டு, ‘இதை விற்றால் ஸ்டாம்பு வாங்கலாமே’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க, சட்டத்தின் சொற்கள் குறுக்கே நிற்கவில்லை.

அப்படிக் கேட்பதற்கு அவருக்குச் சந்தர்ப்பமும் இருந்தது. மனுவை மனுதாரர் நேரில் வந்து கொடுக்கவேண்டும். அசையும் சொத்து, அசையாச் சொத்து யாவற்றுக்கும் மதிப்புப் போட்டு அட்டவணை இணைக்கவேண்டும். எதிரிக்கும் சர்க்கார் வக்கீலுக்கும் பத்து நாளுக்குக் குறையாமல் நோட்டீஸ் போகும். சர்க்கார் வக்கீல் விவரம் கேட்க, கலெக்டர் கச்சேரியிலிருந்து தாசில்தாருக்கும், தாசில்தாரிடமிருந்து கிராம முன்சீபுக்கும் கர்ணத்துக்கும் கடிதம் இறங்கும். ஊரறிந்த ஏழையாயிருந்தாலும், அவள் ஏழைதான் என்று கர்ணம் எழுதினால்தான் உண்டு. அந்தக் கர்ணம் மைத்துனனுக்கு வேண்டியவராயிருந்தால் என்னவாகும் என்பதை யாரும் ஊகிக்கலாம். அப்புறம் கூண்டில் ஏறிப் பிரமாணம் செய்து, வீட்டில் எத்தனை வெண்கலப் பானை, மாடு உண்டா, தாய்வீட்டார் என்ன கொடுத்தார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் எதிரியின் முன்னிலையில் பதில் சொல்லவேண்டும். மனு கொடுப்பதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஏதாவது சொத்தை மோசமாகக் கைமாற்றியது தெரிந்தால் மனு தள்ளுபடியாகும். வழக்கு நடக்கையில் வசதி வந்தாலோ, நடத்தை சரியில்லை என்று தோன்றினாலோ, கொடுத்த அனுமதியும் பறிபோகும்.

இவ்வளவும் கடந்து கிடைப்பதைத் தள்ளுபடி என்று பலர் நினைக்கிறார்கள், அது தவணை. பாப்பர் ஜெயித்தால், கட்டணத்துக்காக வழக்குச் சொத்தின்மேல் சர்க்காருக்கு முதல் பாத்தியதை உண்டு. தோற்றாலும் கட்டும்படி உத்தரவாகும்.

1976-ஆம் ஆண்டின் திருத்தம், 1977 பிப்ரவரி முதல் தேதி அமலுக்கு வந்தபோது, ‘பாப்பர்’ என்ற சொல் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கி, வறியவர் என்னும் பொருளுடைய சொல் அந்த இடத்தில் அமர்ந்தது. நூறு ரூபாய் ஆயிரமாயிற்று. நூறு ஆயிரமானதைப் பெரிதாகப் பேசியவர்கள், அருகிலேயே சேர்ந்த ஒரு சிறு வாசகத்தைக் கவனிக்கவில்லை: ஜப்திக்கு உட்படாத சொத்துக்களை வசதியின் கணக்கில் சேர்க்கக்கூடாது. தாலியும் தச்சனின் உளியும் இவ்விதமாக, 68 ஆண்டு கழித்து, ஏழையின் பக்கம் வந்து சேர்ந்தன. கட்டணம் செலுத்த முடியாதவருக்கு வக்கீலை நியமிக்கவும், பிரதிவாதியாக இருக்கும் வறியவருக்கும் இந்தச் சலுகைகளைக் கொடுக்கவும் அதே திருத்தம் வழி செய்தது. 1979-இல், அரசாங்கப் பஸ் மோதிச் சம்பாதிக்கும் ஒரே மனிதனை இழந்த ஒரு குடும்பத்தின் பெண்கள் நஷ்டஈடு கேட்ட வழக்கில், கோர்ட்டுக் கட்டணத்தைச் சொல்லி அவர்களைத் தடுக்க ஹரியானா சர்க்கார் உச்சநீதிமன்றம் வரை போயிற்று. நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தச் சர்க்காரைக் கடிந்துகொண்டு, விபத்து டிரிப்யூனலிலும் இந்த விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தார்.

நம் ராஜ்யத்தின் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து லட்ச ரூபாய்க்குத் தாவா செய்தவர், நூற்றுக்கு ஏழரை வீதம் 75,000 ரூபாய் கட்டவேண்டியிருந்தது. 2017-இல் அது நூற்றுக்கு மூன்றாகக் குறைந்து 30,000 ஆயிற்று. அதுவும் கூலிக்காரர் வீட்டுப் பணம் அன்று. 1995 நவம்பர் 9 முதல் அமலுக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், வருமான வரம்புக்கு உட்பட்டவர்களோடு, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், தொழிலாளர், காவலில் உள்ளோர் ஆகியோருக்கும் சட்ட உதவி உண்டு என்கிறது; அந்த உதவியில் கோர்ட்டுக் கட்டணமும் அடங்கும். அந்த வரிசையில் பெண் என்ற ஒரு சொல் தனியே நிற்கிறது, வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லாமல். ஜீவனாம்சம் கேட்டு இன்று ஒருத்தி ஆணைக்குழுவின் வாசலுக்குப் போனால், அவள் வீட்டுப் பானைகளை எவரும் எண்ணவேண்டியதில்லை. அந்த வாசல் இருப்பது தெரியாமல் நேரே கோர்ட்டுக்குப் போகிறவள்தான் இன்னும் பாப்பர் மனுவின் அட்டவணையைப் பூர்த்தி செய்துகொண்டிருக்கிறாள்.