கிங்பின் போட்ட காப்பு

போலீஸ் யாரையாவது கைது செய்தால் "காப்பு மாட்டிட்டாங்க" என்று நம்ம ஊரில் சொல்வது வழக்கம். அது கைக்காப்பு. காலுக்கு ஒரு காப்பு இருக்கிறது. ஆளை வீட்டிலேயே இருக்க வைத்து, வாசலைத் தாண்டினால் காட்டிக் கொடுக்கும் எலக்ட்ரானிக் காப்பு. இது எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு ஸ்பைடர்மேன் படக்கதையிலிருந்து!

தினத்தந்தியில் கன்னித்தீவு வருவதுபோல, அமெரிக்கப் பத்திரிகைகளில் 1977 ஜனவரி 3 முதல் ஸ்பைடர்மேன் தினசரித் தொடராக வர ஆரம்பித்தது. எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஜான் ரொமீட்டா. அந்த வருடத்துக் கதை ஒன்றில் கிங்பின் என்ற வில்லன் வருகிறான். மொட்டைத் தலை, மலை மாதிரி உடம்பு, நியூயார்க் தாதாக்களுக்கெல்லாம் தாதா. அவன் ஸ்பைடர்மேனின் மணிக்கட்டில் ஒரு வளையத்தைப் பூட்டிவிடுகிறான். அதன்பிறகு ஸ்பைடர்மேன் எந்த மாடியில் தாவினாலும், எந்தச் சந்தில் ஒளிந்தாலும் கிங்பினுக்குத் தெரிந்துவிடும்.

லட்சக்கணக்கானவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். நியூ மெக்சிகோ மாநிலம் ஆல்புகர்க்கி நகரத்தில் ஜாக் லவ் என்ற மாவட்ட நீதிபதி மட்டும் அதைக் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டார். குற்றவாளிகளுக்கு இப்படி ஒன்றை மாட்டினால் என்ன என்று கேட்டு, படக்கதைத் துண்டையும் இணைத்து மாநிலச் சிறைத்துறைக்குக் குறிப்பு அனுப்பினார். அங்கே யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. நீதிபதியே ஆனாலும், ஸ்பைடர்மேனை ஆதாரம் காட்டினால் எந்த அதிகாரிதான் ஃபைலை நகர்த்துவார்!

லவ் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர் முன்னால் நிற்கும் ஒருவனுக்கு அவர் தரக்கூடியது பெரும்பாலும் இரண்டே இரண்டு. ஒன்று சிறை, இல்லாவிட்டால் 'ஒழுங்காக இரு' என்று நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே அனுப்புவது. நடுவில் எதுவும் கிடையாது. அந்த மாநிலத்துச் சிறையின் லட்சணம் என்னவென்று 1980 பிப்ரவரியில் உலகத்துக்கே தெரிந்தது. சாந்தா ஃபே நகருக்குப் பக்கத்தில் இருந்த மாநிலச் சிறையில் கைதிகள் கலவரம் செய்து கட்டடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சுமார் 36 மணி நேரம். 33 கைதிகள் செத்தார்கள், அதுவும் சக கைதிகள் கையாலேயே, சொல்ல முடியாத சித்திரவதைகளுக்குப் பிறகு. இடத்துக்கு மேல் ஆட்களை அடைத்து வைத்திருந்தது பெரிய காரணம். செக் மோசடி செய்த ஒரு பையனை இந்த இடத்துக்கு அனுப்பக் கையெழுத்துப் போடும் நீதிபதிக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

லவ் விடவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினார். கடைசியில் ஹனிவெல் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருந்த மைக்கேல் காஸ் மாட்டினார். காஸ் இருந்த வேலையை விட்டுவிட்டு, இதற்காகவே நிம்காஸ் என்ற பெயரில் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். (பாதுகாப்பான சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு படக்கதையை நம்பித் தொழிலில் இறங்கியவர் வேறு யாராவது இருக்கிறார்களா?)

காஸ் செய்த கருவி ரொம்ப எளிமையானது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர். கணுக்காலில் பட்டை போட்டுக் கட்டிவிடுவார்கள். அது 60 விநாடிக்கு ஒரு முறை 'இருக்கிறேன்' என்று ஒரு சிக்னல் அனுப்பும். வீட்டு டெலிபோனோடு இணைத்த ஒரு பெட்டி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சுமார் 45 மீட்டருக்கு மேல் ஆள் நகர்ந்துவிட்டால் சிக்னல் எட்டாது. உடனே பெட்டி டெலிபோன் வழியாகத் தலைமைக் கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லிவிடும். அவ்வளவுதான்.

கவனித்தீர்களா? கிங்பினின் வளையம் அளவுக்கு இதற்குச் சாமர்த்தியம் இல்லை. ஆள் எங்கே இருக்கிறான் என்று இதற்குத் தெரியாது. வீட்டில் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். இன்னொரு விஷயம், வீட்டில் டெலிபோன் இருந்தால்தான் இந்தச் சலுகை. டெலிபோன் இல்லாதவன் சிறைக்குப் போக வேண்டியதுதான்.

அடுத்தவன் காலில் மாட்டுவதற்கு முன்னால் லவ் தன் காலிலேயே மூன்று வாரம் கட்டிக்கொண்டு திரிந்தார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவரை மெச்சலாம். 1983 ஏப்ரலில் முதல் தீர்ப்பு. நன்னடத்தை நிபந்தனையை மீறிய ஒருவருக்கு ஒரு மாதம் காப்பு. மொத்தம் மூன்று பேருக்கு மாட்டிப் பார்த்தார்கள். கருவி சொன்னபடி வேலை செய்தது. ஆனால் அந்த மூன்று பேரில் இரண்டு பேர் பிறகு மறுபடியும் குற்றம் செய்தார்கள். ஆளை வீட்டில் உட்கார வைக்க முடிந்தது, திருத்த முடியவில்லை.

திருத்துவதற்கென்றே ஒரு கருவி இதற்கு இருபது வருடம் முன்பே செய்யப்பட்டிருந்தது. 1960களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரால்ஃப், ராபர்ட் ஷ்விட்ஸ்கேபல் என்று இரட்டைச் சகோதரர்கள் இருந்தார்கள் (பின்னாளில் கேபல் என்று பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள்). ஏவுகணைகளைக் கண்காணிக்கும் பழைய சாதனங்களை மாற்றியமைத்து, சுமார் ஒரு கிலோ எடையில், உடம்பில் கட்டிக்கொள்ளும் கருவி ஒன்றைச் செய்தார்கள். போலீஸ் பதிவில் இருந்த இளைஞர்கள் அதைக் கட்டிக்கொண்டு நடமாடினார்கள். தப்பு செய்யும்போது பிடிப்பது அவர்கள் நோக்கமே இல்லை. பையன் சரியான நேரத்துக்கு வகுப்புக்கோ வேலைக்கோ வந்து சேர்ந்தால் கருவி காட்டிவிடும், உடனே பரிசு! இலவசமாக முடிவெட்டு, பீட்சா, கச்சேரி டிக்கெட். நல்லது செய்யும்போது உடனே பாராட்டினால் அது பழக்கமாகும் என்ற உளவியலாளர் ஸ்கின்னரின் கொள்கைதான் இதற்கு அடிப்படை. 1969இல் காப்புரிமை கூடக் கிடைத்தது. ஆனால் வாங்க ஆளில்லை. பரிசு கொடுக்கும் கருவிக்கு அரசாங்கத்தில் எந்தத் துறை டெண்டர் விடும்? தண்டிக்கும் கருவி என்றதும் சந்தை பிறந்துவிட்டது.

காஸின் கம்பெனியை கொலராடோ மாநிலத்தின் பி.ஐ. என்ற நிறுவனம் வாங்கியது. 1978இல் ஆரம்பித்த அந்த நிறுவனத்தின் முதல் தொழில் என்ன தெரியுமா? கறவை மாடுகளுக்கு எலக்ட்ரானிக் அட்டை மாட்டி, எந்த மாடு எவ்வளவு தீனி தின்றது என்று கணக்கு வைப்பது! மாட்டிலிருந்து மனிதனுக்கு மாறியதில் லாபம் அதிகம். 1988க்குள் 32 மாநிலங்களில் சுமார் 2,300 பேர் காலில் இந்த மாதிரிக் காப்புகள் ஏறிவிட்டன. 1989இல் இங்கிலாந்தும் சோதனை செய்து பார்த்தது. 2000க்குப் பிறகு ஜி.பி.எஸ். சேர்ந்துகொள்ள, ஆள் எந்தத் தெருவில் நிற்கிறான் என்பதுவரை தெரிய ஆரம்பித்தது. அதாவது கிங்பினின் வளையம் நிஜமாகவே வந்துவிட்டது. அமெரிக்காவில் 2005இல் சுமார் 53,000 ஆக இருந்த எண்ணிக்கை 2015இல் 1,25,000ஐத் தாண்டியது. 2011இல் ஜியோ குரூப் என்ற கம்பெனி பி.ஐ.யை 415 மில்லியன் டாலருக்கு வாங்கியது. ஜியோ குரூப்பின் பிரதான தொழில், தனியார் சிறைகள் நடத்துவது. சிறைக்கு மாற்றாக வந்த சரக்கைச் சிறைக்காரரே வாங்கிக் கடையில் வைத்துக்கொண்டார். வணிகவியல் புத்தகத்தில் போட்டியாளரைக் கையகப்படுத்துவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சிறையில் இருப்பவனுக்குச் சோறு அரசாங்கச் செலவு. காப்பு போட்டவனுக்கு அப்படி இல்லை. அமெரிக்காவில் பல இடங்களில் காப்பின் தினசரி வாடகையை அதை மாட்டியிருப்பவரே கட்ட வேண்டும். கட்ட முடியாமல் மறுபடி சிறைக்குப் போனவர்களும் உண்டு. தினமும் கருவியைச் சார்ஜ் செய்ய வேண்டும், மறந்தால் அதுவும் மீறல். மார்த்தா ஸ்டூவர்ட் போன்ற பணக்காரர்களுக்கு இது வெறும் எரிச்சல். டி.வி. பிரபலமான அவர் 2005இல் ஐந்து மாத வீட்டுக்காவலில் காப்போடு இருந்தபோது, அதைக் கழற்றும் வழியை இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டதாகப் பேட்டியே கொடுத்தார்! தினக்கூலிக்காரன் அப்படிப் பேட்டி கொடுக்க முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. லவ் நினைத்தது, சிறைக்குப் போக வேண்டியவன் வீட்டில் இருக்கட்டும் என்று. காப்பு மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும், சும்மா விட்டிருக்க வேண்டியவர்களுக்கும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று மாட்ட ஆரம்பித்தார்கள். விசாரணையே முடியாதவர்கள், 2004 முதல் குடியுரிமைத் துறையின் முடிவுக்காகக் காத்திருக்கும் வெளிநாட்டவர்கள் என்று பட்டியல் நீண்டது. இவர்களில் பலர் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்பட்டவர்களே இல்லை.

ஸ்பைடர்மேன் தந்த யோசனை என்றே எல்லோரும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். படக்கதையில் அது வில்லனின் யோசனை. ஸ்பைடர்மேன் அதில் மாட்டிக்கொண்டவன்.

இந்தியாவுக்கும் இது வந்துவிட்டது. 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீஸ், பயங்கரவாத வழக்கில் ஜாமீனில் வந்த ஒருவர் காலில் ஜி.பி.எஸ். காப்பு மாட்டியது. நாட்டிலேயே அதுதான் முதல் முறை. அடுத்த வருடம் இதே கேள்வி வேறு உருவத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. போதைப்பொருள் வழக்கில் கைதான நைஜீரியர் ஒருவர், தான் இருக்கும் இடத்தை விசாரணை அதிகாரி பார்க்கும்படி கூகுள் மேப்பில் குறித்து வைக்க வேண்டும் என்பது டெல்லி உயர் நீதிமன்றம் போட்ட ஜாமீன் நிபந்தனை. அப்படி ஒருவரின் நடமாட்டத்தைப் போலீஸ் இடைவிடாமல் எட்டிப் பார்க்கும்படி நிபந்தனை விதிக்கக் கூடாது, அது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவுக்கு விரோதம் என்று 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த வழக்கில் கூகுளிடமே விளக்கம் கேட்டார்கள். மேப்பில் புள்ளி குத்தி வைப்பதால் ஆள் நகர்வதை நேரடியாகப் பின்தொடர முடியாது என்று கூகுள் பதில் சொல்லியிருந்தது.