சார்ஜ் முழுசா இறங்கணுமா?

காலேஜ் சேர்ந்தப்போ லேப்டாப் வாங்கிக் கொடுத்த மாமா சொன்னார்: "சார்ஜ் சுத்தமா இறங்கினப்புறம்தான்டா திரும்பப் போடணும்." அப்படியே செஞ்சேன். மூணாவது வருஷமே பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிக்கலை.

மாமா சொன்னது ஒரு காலத்துல சரிதான். 1980-களின் கடைசியில், 90-களின் தொடக்கத்தில் வந்த பல லேப்டாப்களில் இருந்தது நிக்கல்-காட்மியம் பேட்டரி. எப்பவும் பாதியிலேயே சார்ஜ் போட்டுட்டிருந்தா, அந்தப் பாதியோடவே அது சோர்ந்துபோக வாய்ப்பு உண்டு. இதுக்குப் பேர் மெமரி எஃபெக்ட்.

1991-ல் சோனி லித்தியம்-அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுக்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் கிடைச்சுது. இந்த பேட்டரியை அடிக்கடி பூஜ்யத்துக்கு இறக்கினாலும், 100 சதவீதத்திலேயே சூட்டோட வச்சிருந்தாலும் சீக்கிரம் தேஞ்சிடும். பேட்டரி மாறி முப்பது வருஷம் தாண்டியும், பழைய அறிவுரை மட்டும் வீடு வீடா சுத்திட்டிருக்கு.

முடிஞ்சவரை 20-க்கும் 80-க்கும் நடுவுல வச்சுக்கோங்க. மெத்தை மேல வச்சு காத்து வர்ற வழியை அடைக்காதீங்க. டச்பேட் மேலே தூக்கினா பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே ஆஃப் பண்ணி, சார்ஜரைக் கழட்டி, சர்வீஸுக்குக் கொண்டுபோங்க; அழுத்தவோ குத்தவோ கூடாது.

மாமாகிட்ட இதெல்லாம் சொல்லிட்டேன். இன்னும் நம்பலை.