இரு பள்ளத்தாக்குகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலத்தில் சியரா நெவாடா என்னும் மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. அதன் மேற்குச் சரிவில், உடன்பிறந்தாரைப் போன்ற இரண்டு பள்ளத்தாக்குகள் உண்டு. மெர்செட் ஆறு பாய்வது யோசெமிட்டி. அதற்கு வடக்கே துவாலமி ஆறு பாய்வது ஹெட்ச் ஹெட்சி. ஆறுகள் அறுத்த பள்ளங்களைப் பண்டைப் பனியாறுகள் அகழ்ந்து அகலமாக்கின. ஆகவே, இரண்டிலும் சுவரென நிமிர்ந்த கருங்கற் பாறைகளும், அவற்றினின்று வீழும் அருவிகளும், அடியிலே பசும்புல் வெளியும் அமைந்தன. இன்று யோசெமிட்டியின் புல்வெளியில் மக்கள் உலவி மகிழ்கின்றனர். ஹெட்ச் ஹெட்சியின் புல்வெளியோ நீருக்கடியில் கிடக்கிறது. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது?

யோசெமிட்டியில் தொன்றுதொட்டு வாழ்ந்தவர்கள் அவானீச்சி மக்கள். 1851ஆம் ஆண்டில் ஆயுதந்தாங்கிய படையொன்று புகுந்து அவர்களைத் துரத்திற்று. பூங்காவின் புகழைப் பாடுவோர் இதனை மறைத்தல் ஆகாது.

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு பொதுமக்களின் பயனுக்கும் பொழுதுபோக்குக்கும் என்றென்றும் உரியது என்று அச்சட்டம் விதித்தது. 1890இல் சுற்றியுள்ள மலைப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. ஹெட்ச் ஹெட்சியும் அதனுள் அடங்கியது.

ஆயினும், சான் பிரான்சிஸ்கோ நகரம் அப்பள்ளத்தாக்கின்மீது கண் வைத்திருந்தது. மூன்று புறமும் உப்புநீர் சூழ்ந்த அந்நகருக்கு நன்னீர் அரிது. 1906 ஏப்ரலில் நிலம் நடுங்கியது; நீர்க்குழாய்கள் உடைந்தன; தீயை அணைக்க நீரின்றி நகரின் பெரும்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. இத்தகைய நகரம் நீர் கேட்டது குற்றமாகுமா? ஆகாது. ஆனால், வேறிடங்களிலும் நீர் உண்டு. மக்களுக்கென ஒதுக்கிய பள்ளத்தாக்கை ஏன் மூழ்கடிக்க வேண்டும் என்று கேட்டார் இயற்கை அறிஞர் ஜான் மியூர். அணை எழுந்தால் அழகிய ஏரி உண்டாகும், மக்கள் அங்கே வந்து மகிழலாம் என்றனர் எதிர்த்தரப்பினர்.

1913 டிசம்பரில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அணைக்கு இசைவளித்தார். அடுத்த டிசம்பரில் மியூர் மறைந்தார். 1923இல் அணை முடிந்தது. 1934இல் நீர் நகரை எட்டியது. அந்நீர் இன்றும் இலட்சக்கணக்கானோரின் தாகம் தீர்க்கிறது. ஆனால், குடிநீரின் தூய்மை கருதி அந்த ஏரியில் நீந்தவோ படகு செலுத்தவோ இசைவில்லை. வருவோர் கரையில் நடக்கலாம்; பார்க்கலாம்; அவ்வளவே.

எனினும், மியூரின் தோல்வி வீண்போகவில்லை. தேசியப் பூங்காக்களைக் காக்க 1916இல் தனித்துறை அமைந்தது. 1950களில் டைனசோர் தேசிய நினைவிடத்தினுள், எக்கோ பார்க் என்னுமிடத்தில் அணை கட்ட அரசு முயன்றபோது, ஹெட்ச் ஹெட்சிக்கு நேர்ந்ததை எடுத்துக்காட்டி மக்கள் எதிர்த்தனர். 1956இல் நிறைவேறிய சட்டத்தில் அவ்வணை இடம்பெறவில்லை.

மாணவ நண்பர்களே! ஒரு பூங்காவைச் சட்டம் உண்டாக்கலாம். மற்றொரு சட்டம் அதனை அழிக்கவும் கூடும். 'என்றென்றும்' என்று ஏட்டில் எழுதிய சொல், மக்கள் விழித்திருக்கும் வரையில்தான் உயிரோடிருக்கும். நீங்கள் ஒரு மலைச்சாரலிலோ ஆற்றங்கரைச் சோலையிலோ மகிழ்ந்திருக்கும்போது, இவ்விடம் நமக்கு எவ்வாறு கிடைத்தது, எவரிடமிருந்து கிடைத்தது, இதனைக் காப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். காக்கும் பொறுப்பில் உங்களுக்கும் பங்குண்டு என்பது அப்போது விளங்கும்.