பொய் இரை: கடலிலிருந்து நம் மொட்டை மாடி வரை

நம் மொட்டை மாடியில் ஏறி நின்றால் மேற்கே மலை தெரியும். சாரல் இறங்கிவிட்டால் அதுவும் தெரியாது. கடலுக்கோ எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கிழக்கே தூத்துக்குடி, மேற்கே ஆரியங்காவுக் கணவாய் தாண்டிக் கொல்லம். (இது மலைக் கணவாய். கடல் கணவாய் பின்னால் வருகிறது.) ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் தூண்டில் கம்போடு கிளம்புகிறவர்கள் நம் தெருக்களில் கூடியிருக்கிறார்கள். அவர்கள் கொண்டு போகும் ‘ஜிக்’ என்பது மீன்போல மினுங்கும் கனமான பொய் இரை. ஆழத்தில் இறக்கி, மேலும் கீழும் சுண்டினால் பாறையோ சீலாவோ ஏமாந்து கவ்வும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஜிக் கல்லிடுக்கில் சிக்கி அறுந்தால் மனசு தாங்காது. அதனால் வீட்டிலேயே ஈயம் உருக்கி வார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அவருக்காகவும், அவர் வீட்டுக் குழந்தைகளுக்காகவும் இதைப் படியுங்கள்.

மீனை ஏமாற்றும் வித்தை நமக்குப் புதிதல்ல. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் ஒரு வாளைமீன் வருகிறது. பாணர்குல இளைஞன் ஒருவன் நீண்ட மூங்கில் கழியில் நாண் கட்டி, முள்ளை இரையால் பொதிந்து போடுகிறான். வாளை இரையைப் பறித்துக்கொண்டு வெறும் இரும்பை விட்டுவிட்டுத் தப்பிவிடுகிறது. அதன்பின் நீரோரப் பிரம்பின் நிழல் ஆடினால்கூட அதற்குத் தூண்டில் கம்பு என்று பயம். மீனுக்கும் நினைவு உண்டு என்பதைக் கவிஞர் கண்டிருக்கிறார். ஒரே ஜிக்கை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டுச் சலித்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் பொய் இரையின் பெரிய கதை உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. மாசிக்கருவாடு வாங்கியிருப்பீர்கள். கட்டைபோல் கடினமாக இருக்கும். இடித்துச் சம்பலில் போடுவோம். மாலத்தீவின் திவேகி மொழியில் ‘மஸ்’ என்றால் மீன். நம் மாசி அங்கிருந்து வந்த சொல். சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்தது அது. 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இபின் பதூதா, இந்தப் புகையூட்டிய மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதை எழுதியிருக்கிறார்.

அந்தச் சூரையை மாலத்தீவிலும் நம் லட்சத்தீவின் மினிக்காயிலும் பிடிக்கும் முறையைப் பாருங்கள். படகில் உயிரோடு வைத்திருக்கும் பொடிமீனை அள்ளிக் கடலில் வீசுவார்கள். மேலே தண்ணீரைத் தெளிப்பார்கள். சூரைக் கூட்டம் வெறிகொண்டு மேலே வரும். அப்போது இறக்கும் முள்ளில் இரை கிடையாது. பளபளக்கும் வெறும் முள், அதிலும் கொக்கிச் செதில் இல்லாத முள். துள்ளும் பொடிமீன் என்று நினைத்துச் சூரை கவ்வும். ஒரே சுண்டில் தலைக்கு மேல் பறந்து, முள்ளிலிருந்து தானே கழன்று தளத்தில் விழும். அடுத்த நொடி முள் மறுபடி தண்ணீரில். கழற்றும் வேலை இல்லை, வலையில் மாட்டும் ஆமையும் இல்லை. என் கணக்கில் இதைவிடச் சுத்தமான பொய் இரை வேறு கிடையாது.

இப்போது கடல் கணவாய். ஊசிக்கணவாயையும் ஓட்டுக்கணவாயையும் பிடிக்கும் ஜிக்கின் அடியில் கிரீடம்போல மேல்நோக்கி வளைந்த முட்கள் இருக்கும். கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் தூண்டில் வேலையில் பேர் போனவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 2000-க்குப் பின் கர்நாடகக் கடல்வரை போய் ஓட்டுக்கணவாய் பிடித்தார்கள். தேங்காய் பறித்தபின் மிஞ்சும் குலைக்காம்புகளைக் கட்டி, மணல்மூட்டை கோத்துக் கடலில் இறக்கினால், முட்டையிட இடம் தேடும் கணவாய் அங்கே கூடும். மேலிருந்து ஜிக் போடுவார்கள். நல்ல வரும்படி. ஆனால் அங்குள்ள விசைப்படகுக்காரர்களோடு தகராறு வந்தது. முட்டையிட வந்த கணவாயையே பிடித்தால் அடுத்த தலைமுறை என்னாகும் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினரும் கேட்டார்கள். (1947-ல் தொடங்கி, முன்பு நம் மண்டபத்தில் இருந்த நிலையம்தான் அது, 1971-ல் கொச்சிக்குப் போய்விட்டது.)

வீட்டில் செய்வதற்கும் பெரிய பரம்பரை உண்டு. ஜப்பானின் தெற்கே, தீப்பந்தத்திலிருந்து விழுந்த கரிக்கட்டையைக் கணவாய் கட்டிப்பிடித்ததைப் பார்த்து ஒரு மீனவர் மரக்கட்டையில் இரை செதுக்கினாராம். அவர்கள் சொல்லும் கதை இது. ‘எகி’ என்ற அந்த இரை இன்றும் விற்கிறது. பின்லாந்தில் லௌரி ரபாலா 1936-ல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த பளபளத் தாளை ஒட்டித் தன் முதல் பொய்மீனைச் செய்தார். இருவரும் உலோகம் உருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம்மவர்கள் உருக்குகிறார்கள். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். வீட்டு கேஸ் அடுப்பே போதும். இந்தச் சுலபம்தான் ஆபத்து. நம் மொழியும் கொஞ்சம் குழப்புகிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். வலைக்குண்டும் ஜிக்கும் காரீயம். இரண்டையும் ‘ஈயம்’ என்றே சொல்லிப் பழகியதால், பாட்டி புழங்கியதுதானே என்று அடுப்படியிலேயே உருக்கத் துணிகிறார்கள். காரீயம் வேறு. அதில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு உறிஞ்சும். மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பாதிக்கும். 2000-ல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியது இதற்காகத்தான். உருக்கும்போது மேலே படியும் சாம்பல் விரலில் ஒட்டி, கைப்பிடியில் ஒட்டி, காயப்போட்ட துணியில் ஒட்டி வீட்டுக்குள் வரும்.

சாரல் காலத்தில் இன்னொன்று. ஈரம் கோத்த அச்சில் உருகிய ஈயத்தை ஊற்றினால், தண்ணீர் ஒரே கணத்தில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்த ஊரில் எந்த அச்சு உலர்ந்திருக்கும்?

கடலுக்குப் போகுமுன் குளத்தில் வீசிப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. இங்கிலாந்தில் அறுந்து விழுந்த ஈயக்குண்டுகளைப் பொடிக்கல் என்று விழுங்கி அன்னங்கள் செத்தன. அதனால் 1987-ல் சுமார் 28 கிராம் வரையான குண்டுகளின் விற்பனையை அங்கே தடைசெய்தார்கள். நம் குளங்களிலும் வாத்தும் நாரையும் வருகின்றன.

வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். விலை அதிகம், கனம் குறைவு, ஆனால் விஷமில்லை. தாளில் தேய்த்துப் பாருங்கள்: காரீயம் சாம்பல் நிறக் கோடு போடும், வெள்ளீயம் போடாது. உருக்கவே வேண்டாம் என்றால் பித்தளைக் குழாய்த் துண்டு, எஃகு போல்ட், மேலே பளபளத் தாள், ஒரு கோழி இறகு போதும். வீட்டில் மிஞ்சியிருக்கும் காரீயத்தைக் குப்பைத்தொட்டியில் போடாமல், பழைய பேட்டரி எடுக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். உருக்கிய சட்டியையும் சேர்த்தே கொடுங்கள். அதை மறுபடி அடுப்படிக்குள் கொண்டுவர வேண்டாம்.