கட்டியக்காரன் பேசலாமா?

பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி இளைஞர்கள் சொல்லும் ஒரு குறை உண்டு. "கதை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று ஒரு வேலைக்காரரோ, கிழவரோ, காமெடியனோ வந்து படத்தின் கருத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போகிறார். இது எதற்கு? பார்க்கிறவனுக்குப் புரியாதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வழக்கம் சினிமாவில் பிறந்தது அல்ல. அது எங்கிருந்து வந்தது, எப்போது பலித்தது, எப்போது கெட்டது என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் முறை.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியக்காரனைத் தெரியும். ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நிற்கும். முன்னால் நிற்கும் கட்டியக்காரன், "யாரய்யா நீர்? எந்த ஊர்? எதற்கு வந்தீர்?" என்று கேட்பான். துரியோதனன் தன் பெருமையைச் சொல்லச் சொல்ல, இவன் இடையில் புகுந்து நக்கல் செய்வான். அந்த ஊர்ப் பண்ணையாரையும் மணியக்காரரையும் நாசூக்காக இழுத்துவிடுவான். அவன் ராஜாவும் இல்லை, வீரனும் இல்லை. கதையில் அவனுக்கு ஜெயமும் இல்லை, தோல்வியும் இல்லை. அதனால்தான் மற்றவர்கள் சொல்ல முடியாததை அவனால் சொல்ல முடிந்தது. சமஸ்கிருத நாடகத்தில் விதூஷகனுக்கும் ஏறக்குறைய இதே உரிமை இருந்தது.

சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனிகளில் இந்த ஆள் பபூன் ஆனார். 1931-ல் 'காளிதாஸ்' வந்து தமிழ் சினிமா பேசத் தொடங்கியபோது, நாடக மேடையில் இருந்த நடிகர்களும் பாட்டும் வசனமும் அப்படியே ஸ்டூடியோவுக்குக் குடிபெயர்ந்தன. கூடவே பபூனும் வந்தார்.

அந்தப் பபூனுக்குப் புது மரியாதை வாங்கிக் கொடுத்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து, வில்லுப்பாட்டும் நாடகமும் பழகி, 1936-ல் 'சதிலீலாவதி' மூலம் திரைக்கு வந்தவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். என்.எஸ்.கே. தன் நகைச்சுவைப் பகுதியைத் தானே அமைத்துக்கொள்வார். மதுரமும் அவருமாக வரும் காட்சிகளுக்கும் படத்தின் கதைக்கும் பல சமயம் சம்பந்தமே இருக்காது. கதாநாயகன் ராஜகுமாரியைத் தேடிக்கொண்டிருப்பான். இவர்கள் மூடநம்பிக்கையையும் குடியையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பேச்சு உபதேசமாக ஒலிக்காது. புருஷனும் பெண்சாதியும் போடுகிற சண்டையாக இருக்கும். ஒருவர் மடங்குவார், ஒருவர் ஜெயிப்பார். கருத்துக்குள்ளேயே ஒரு குட்டிக் கதை இருந்தது.

1949-ல் அண்ணா வசனம் எழுதிய 'நல்லதம்பி'யில் அவரே கதாநாயகன். மதுவிலக்குதான் படத்தின் பேச்சு. அதில் வரும் கிந்தனார் காலட்சேபத்தை நினைத்துப் பாருங்கள். நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான். பாகவதர் மாதிரி உட்கார்ந்து, பழைய காலட்சேப மெட்டிலேயே, தாழ்த்தப்பட்ட சிறுவனின் படிப்பைப் பற்றிப் பேசினார் கலைவாணர். கருத்து வெளிப்படையாகத்தான் சொல்லப்பட்டது. சொன்ன விதம்தான் ஜனங்களைக் கட்டிப்போட்டது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் படம் பார்த்த இடத்தை மறந்துவிடக் கூடாது. டென்ட் கொட்டகையில் தரை டிக்கெட். மணலைக் குவித்து உட்கார்ந்திருப்போம். குழந்தை அழும், முறுக்கு விற்பவர் நடுவில் புகுந்து போவார், ரீல் மாற்றப் படம் நிற்கும். எனக்கு நன்றாக நினைவிருப்பது, பக்கத்தில் இருந்த பெண்கள் வசனத்தைத் திருப்பிச் சொல்வது. காது மந்தமான மாமியாருக்கு மருமகள் சொல்லுவாள். மறுநாள் வயலில் களை எடுக்கும்போது, படத்துக்கு வராதவர்களுக்கு அதே வாக்கியம் போய்ச் சேரும். ஒரு முகபாவத்தை அப்படி எடுத்துக்கொண்டு போக முடியாது. ஒரு வாக்கியத்தைக் கொண்டுபோகலாம். எழுதப் படிக்கத் தெரியாத பல பேருக்கு, 'இப்படியும் யோசிக்கலாம்' என்று முதலில் சொன்னது அந்த வாக்கியம்தான். அதைச் சிரித்து ஒதுக்குவது அவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

அப்படியானால் எல்லாத் துணைப் பாத்திரமும் கருத்துச் சொல்லலாமா? இங்கேதான் நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். படத்தில் ஏதாவது மாறுகிறதா?

அதே 1949-ல் வந்த அண்ணாவின் 'வேலைக்காரி'. தகப்பனாரின் சாவுக்குக் காரணமான வேதாசல முதலியாரைக் கொல்லத் துடிக்கிறான் ஆனந்தன். நண்பன் மணி தடுக்கிறான். டி.எஸ்.பாலையா நடித்த வேடம். கத்தியை விட்டுவிட்டு மூளையைத் தீட்டு என்பது அவன் புத்திமதி. படத்தின் கருத்தே அதுதான். அதைச் சொல்வது கதாநாயகன் இல்லை, கூட இருப்பவன். ஆனால் அந்தப் பேச்சோடு அவன் நிறுத்திக்கொள்ளவில்லை. அதிலிருந்துதான் ஆனந்தன் பரமானந்தனாக ஆள்மாறாட்டம் செய்து முதலியார் வீட்டு மருமகனாக நுழைவது பிறக்கிறது. மணியின் வாக்கியத்தை எடுத்துவிட்டால் மேற்கொண்டு கதையே இல்லை. அது கருத்து, அதுவே கதையின் அடுத்த படியும்கூட.

1977-ல் பாலசந்தர் 'அவர்கள்' படத்தில் வேறொரு வழி கண்டார். கமல் நடித்த ஜனார்த்தன் பொம்மையை வைத்துப் பேசும் வித்தை தெரிந்தவன். மனதில் இருக்கும் ஆசையைச் சொல்லத் தைரியம் இல்லாதவன். அவன் சொல்லாததை மடியில் இருக்கும் ஜூனியர் பொம்மை சொல்லிவிடும். நம் கட்டியக்காரன்தான் பொம்மையாக வந்து உட்கார்ந்துகொண்டான். இங்கேயும் பொம்மையை எடுத்துவிட்டால் அந்த மனிதனின் உள்ளம் நமக்குத் தெரியவே தெரியாது.

இந்த வழக்கத்தையே எதிர்த்து நின்றவர் மகேந்திரன். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் மாணவராக இருந்தபோது, எம்.ஜி.ஆரை வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவின் செயற்கைத்தனத்தை விமர்சித்துப் பேசி அவரிடமே பாராட்டு வாங்கியவர். வேடிக்கை என்னவென்றால், வசனத்துக்குப் பேர்போன 'தங்கப்பதக்கம்' அவர் எழுதியதுதான். வசனம் எழுதத் தெரியாமல் வசனத்தைக் குறைத்தவர் அல்ல அவர்.

'முள்ளும் மலரும்' 1978-ல் வந்தது. கடைசியில் தங்கையை இன்ஜினீயருக்குக் கொடுக்கச் சம்மதிக்கும் காளி, அவரை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். அண்ணன் தங்கை பாசம் எப்பேர்ப்பட்டது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரும் வந்து விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அந்தக் காட்சி செத்திருக்கும்.

அடுத்த ஆண்டு 'உதிரிப்பூக்கள்'. ஊரே சேர்ந்து சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்த இடத்தில் வேறு படமாக இருந்தால் ஒரு கிழவர் தர்மநியாயம் பேசியிருப்பார். இங்கே ஊர் ஜனங்கள் பேசாமல் நிற்கிறார்கள். நல்லவர்களான உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேனே, அதுதான் பெரிய பாவம் என்கிற பொருளில் பேசுகிறவன் அந்தக் கெட்டவனே. கருத்து வெளிப்படையாகத்தான் வருகிறது. ஆனால் சாகப்போகிறவன் வாயிலிருந்து வருகிறது. துணைப் பாத்திரங்களுக்குப் பேச்சு இல்லை. பழி மட்டும் உண்டு.

பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) படத்திலும் சின்னப் பாத்திரங்கள் உண்டு. கடைசியில் ஓர் அதிகாரி வந்து, இந்த நிலம் ஏற்கெனவே குடிநீர் வாரியத்துக்கு எடுக்கப்பட்டது என்கிறார். நடுத்தர வர்க்கத்தின் கஷ்டம் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் உத்தியோகப் பேச்சைத்தான் பேசினார். கடன் வாங்கி வீடு கட்டிய நமக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

பிற்காலத்தில் இந்த வழக்கம் கெட்டது எங்கே என்றால், கடைசி ரீலில் தெருவில் போகிறவர்களிடம் மைக்கை நீட்டுகிறார்களே, அங்கே. ஆட்டோக்காரர், பூக்காரம்மா, கல்லூரி மாணவன் என்று வரிசையாக வந்து "இவர் மாதிரி நாலு பேர் இருந்தால் நாடு உருப்படும்" என்பார்கள். அந்த ஆட்டோக்காரர் யார், அவருக்கு வீட்டில் என்ன கஷ்டம், ஒன்றும் தெரியாது. அத்தனை பேரையும் வெட்டி எறிந்தாலும் படம் அப்படியே இருக்கும். நம் சோதனையில் இது தேறாது. ஆட்டோக்காரரின் வாயை இரவல் வாங்கிக் கதாநாயகனுக்குக் கைதட்டுகிறார்கள். கட்டியக்காரன் ராஜாவைக் கேலி செய்தான். இவர்கள் ராஜாவுக்குக் கட்டியம் கூறுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, சின்னப் பாத்திரம் கருத்துச் சொல்லக் கூடாது என்று சட்டம் போட வேண்டியதில்லை. சொல்ல அவனுக்குக் கதையில் ஓர் இடமும், சொன்னதால் ஒரு விளைவும் இருந்தால் தாராளமாகச் சொல்லட்டும். டென்ட் கொட்டகையில் மாமியாருக்குத் திருப்பிச் சொன்ன மருமகள் எல்லா வசனத்தையும் சொல்லவில்லை. எடுத்துச் சொல்லத் தகுந்ததை மட்டும் பொறுக்கிச் சொன்னாள். மணல் குவியலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தத் தரம் பிரிக்கத் தெரிந்திருந்தது.